இராயப்பனின் கடிகாரம்

கடிகாரத்துக்குத் தினமும் ஒரே வேளையில் சாவி கொடுப்பது நல்ல பழக்கம் ஐயா. நான் காலையில் பல் விளக்கியதும் கையை ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பேன். நீங்கள் கட்டியிருப்பதையும் பார்த்தேன். முலாம் நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அது தண்ணீருக்கு ஆகாத ஜாதி.

விலங்கைக் கழற்றச் சொன்னதற்கும் காப்பி வரவழைத்ததற்கும் நன்றி. நான் சொல்வது எனக்கு எதிராகவே நிற்கும், சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை என்றீர்கள். புரிந்தது. எனக்காகப் பேச வந்த அரியலூர் வக்கீல், "ஆத்திரத்துல புத்தி கெட்டுப்போயி செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, தூக்குலேருந்து தப்பிச்சுக்கலாம்" என்றார். நல்ல மனிதர், பாவம். ஆனால் எனக்கு ஆத்திரம் வருவதில்லை. வராததை வந்தது என்று மாஜிஸ்ட்ரேட்டான உங்கள் முன்னால் எப்படிச் சொல்வது? என் பெண்டாட்டியின் தம்பி இருதயநாதனைக் கொன்றது நான்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. காரணத்தைத்தான் ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். சொத்துத் தகராறு என்கிறான் ஒருவன், குடி என்கிறான் இன்னொருவன். நான் குடிப்பதும் இல்லை, அவனுக்குச் சொத்தும் இல்லை. அதைத் திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.

என் பெயர் சின்னப்பராஜ். ஊர் ஏலாக்குறிச்சி. பாலம் கட்டுவது, துறைமுகம் செப்பனிடுவது போன்ற வேலை பார்க்கிற பட்டாளத்தில் இருந்தேன். யுத்தம் முடிந்து நாற்பத்தாறில் ஊர் திரும்பினேன். கொஞ்சம் கடலை விளைகிற நிலமும் ஒரு கிணறும் உண்டு. பெண்டாட்டி அமலோற்பவமேரி. இரண்டு பிள்ளைகள் பிறந்தன. முதலாவது பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவதற்கு ஞானஸ்நானம் கொடுக்க மட்டும் நேரம் இருந்தது. உயிரோடு ஒரு பிள்ளை, அது ஒன்றுதான் அமலோற்பவம் இந்த உலகத்தில் கேட்டது. வேறு நகை, புடவை என்று ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

இப்போது ஏட்டையாவின் மேசை டிராயரில் இருக்கிறதே, அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது. கடலுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களுக்காக இத்தாலியில் செய்த கடிகாரம் அது. எங்கள் கேப்டன் துரையே ஆசைப்பட்டுக் கேட்டு, நான் கொடுக்கவில்லை. சாதாரணக் கடிகாரத்தில் சாவி கொடுக்கிற குமிழை அப்படியே பிடித்துச் சுற்றலாம். இதில் அது நடக்காது. குமிழுக்குள் மரை வெட்டி, மூடி போல இறுக்கி மூடியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் திருகு என்றே பெயர். இடப்பக்கமாகச் சுற்றினால் மரை விட்டு, திருகு லேசாக வெளியே எழும்பி நிற்கும். அப்போதுதான் சாவி கொடுக்கலாம். கொடுத்து முடித்ததும் கட்டைவிரலால் மெல்ல உள்ளே அழுத்தி, அழுத்தியபடியே வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். மரை கோணலாக ஏறினால் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்போது பலம் காட்டக் கூடாது. பின்னால் வந்து, மறுபடி வழி பார்த்துப் பிடிக்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே கையை எடுத்துவிட வேண்டும். கூஜா மூடியை இறுக்குகிற மாதிரி இறுக்கினால் மரையும் போகும், உள்ளே இருக்கிற ரப்பர் வளையமும் நசுங்கும். திருகு மூடியிருக்கிற வரைக்கும் கடலே வந்தாலும் கவலையில்லை. திறந்திருக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போனாலும் துரு பிடித்துக் கதை முடிந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஓர் இத்தாலிக்காரன். பியேத்ரோ என்று பெயர். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் இராயப்பன், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவன் நாடு சரணடைந்த பிறகு எங்களோடு சேர்ந்து வேலை செய்தான். துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அறுத்து எடுக்கிற வேலை. செம்பில் செய்த பெரிய தலைக்கூட்டை மாட்டிக்கொண்டு அடியில் இறங்குவான். மேலே படகில் பம்பு அடித்துக் குழாய் வழியாக அவனுக்குக் காற்று அனுப்புவது என் வேலை. மதியத்தில் ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுப்பான். பாஷை கிடையாது, கைஜாடைதான். என் கட்டைவிரலைப் பிடித்துத் திருகின் மேல் வைத்து, இவ்வளவுதான் அழுத்த வேண்டும் என்று காட்டுவான். ஒரு நாள் அடியில் இருக்கும்போது மூச்சுத் திணறிச் செத்துப்போனான். மேலே தூக்கியபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. நான் கழற்றிக் கட்டிக்கொண்டேன். ஓடுகிற ஒன்றைப் பிணத்தோடு புதைப்பது பாவம் என்று பட்டது.

இதை அமலோற்பவத்திடம் நானே சொன்னேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவு கூடாது. இரண்டாவது பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த அன்றுதான் அவள் அதைப் பற்றிப் பேசினாள்.

"செத்தவன் பொருள கட்டுன கையாலல்ல ரெண்டு புள்ளையையும் வாங்கினீங்க, அதான் ரெண்டும் தங்கல. அதக் கழட்டி ஆத்துல போட்டுடுங்க."

நான் சிரித்தேன். அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவளுடைய துக்கம் எனக்குத் தெரியாதா? அவள் ஆசைக்காகக் கோயில் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்தும் வந்தேன். அவர் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் கடிகாரத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தாள்.

"தண்ணி மேலாலதானங்க வழிஞ்சு போயிருக்கு. அவன் மூச்சு உள்ள இருக்குது. உள்ள போவாத தண்ணியால என்ன புண்ணியம்?"

அந்தத் திருகு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நற்சாட்சி கிடையாது. ஆனால் அவளுக்கு அது குறையாகத் தெரிந்தது.

எனக்கு முன்கோபம் என்று சொல்வதற்குப் பெரம்பலூர் பிச்சைமுத்துவைச் சாட்சியாக வைத்திருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அதையும் விளக்கிவிடுகிறேன். பிச்சைமுத்து பெரம்பலூர்ச் சந்தையில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். அவர் திருகின் மேல் குறடை வைத்தார். விரலால் செய்கிற வேலை, குறடு வேண்டாம் என்றேன். "எங்களுக்குத் தெரியும் சார், நீங்க உக்காருங்க" என்றார். நான் குறடை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அதைப் பிடித்திருந்த அவருடைய இரண்டு விரல்களையும் பின்பக்கமாக மடித்தேன். சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டேன். கோபக்காரனாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பானா? விரல் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டேன். கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறதாம்.

போன வருஷம் அமலோற்பவம் மூன்றாவது முறையாக உண்டானாள். நான்காம் மாதம், ஐப்பசி அடைமழையில், பட்டாளத்தில் பிடித்த மலைக்காய்ச்சல் எனக்குத் திரும்ப வந்தது. கை நடுங்கித் திருகைப் பிடிக்க முடியவில்லை. நடுங்குகிற கையால் மரையைக் கெடுப்பதைவிட வேறொருவரிடம் கொடுப்பது மேல் என்று இருதயநாதனைக் கூப்பிட்டேன்.

இருதயம் அரியலூர் ரயில் பாதையில் வேலை செய்கிறவன். இருபத்தாறு வயது, கட்டுமஸ்தான ஆள். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவான். யார் வீட்டுக் கிணற்றில் குடம் விழுந்தாலும் பாதாளக் கரண்டியைத் தேட மாட்டார்கள், அவனைத்தான் தேடுவார்கள். அக்காள் மேல் உயிர். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு நான் சொல்லச் சொல்லத் திறந்து, சாவி கொடுத்து, மூடிக் காட்டினான். ஒரே தடவையில் கை படிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை அவனிடம் சொல்லி, காய்ச்சல் விடும் வரைக்கும் அவனே கட்டியிருக்கட்டும் என்று கொடுத்தேன்.

"இதென்ன மாமா பெரிய வித்த, புள்ளைக்கி மூக்கு சிந்தி வுடுற மாதிரிதான, நோவாம புடிக்கணும்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காளும் தம்பியும் மாதா குளத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அந்தக் குளத்தில் முழுகி, சேற்றை எடுத்துப் புண்ணில் பூசிக்கொள்வார்கள். நான் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து அடுத்த அறையில் பேசிக்கொண்டார்கள்.

"நான் கரையில நின்னதால ஒண்ணும் தெரியலடா. நெசமா தொறந்தியா?"

"தொறந்துதான்க்கா முங்குனேன். குமுகுமுன்னு குமிழி வந்துச்சு. உள்ள இருந்த காத்து பூராவும் போயிருச்சு."

"மாதா தண்ணி உள்ள போயிருச்சா?"

"போயிருச்சு. இனி உம் புள்ளைக்கி ஒண்ணும் வராது. அளுவாத."

அமலோற்பவம் அழுதாள். அவ்வளவு நிம்மதியான அழுகையை அவளிடம் நான் கேட்டதே இல்லை. அன்று ராத்திரி இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரம் என் கைக்குத் திரும்பி வந்ததும் காதில் வைத்துப் பார்த்தேன், ஓடியது. தண்ணீர் உடனே கொல்லாது, உள்ளே உட்கார்ந்து மெல்லத் தின்னும். தண்ணீர் புகுந்ததா என்று அறிய ஒரே வழி, நல்ல வெயிலில் வைத்தால் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியும். ஆனால் வெயில் எங்கே இருந்தது? வானம் மூடிக் கிடந்தது. நானும் கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

மழை விட்டு வெளுத்த அன்று, அமலோற்பவம் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் வயல் கிணற்றில் போட்டுவிட்டு, விடுப்பில் இருந்த இருதயத்தைக் கூட்டிவந்தேன். அவன் வேட்டியை அவிழ்த்துவைத்துவிட்டுக் குதித்தான். குடத்தோடு மேலே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"பட்டாளத்துல துப்பாக்கி புடிச்ச கைக்கி ஒரு கொடம் புடிக்கத் தெரியலியே மாமா."

நான் படியில் இறங்கி நின்று குடத்தை வாங்கி மேலே பத்திரமாக வைத்தேன். ஈயம் பூசி அதிக நாள் ஆகவில்லை. அவன் படிக்கல்லில் இரண்டு கையையும் ஊன்றி எம்பினான். அந்த விரல்களின் மேல் என் பூட்ஸ் காலை வைத்தேன். பட்டாளத்து பூட்ஸ், குதிகாலில் இரும்பு லாடம் இருக்கும். ஒரு கையை முடித்துவிட்டு மறு கைக்கு வந்தேன். முதலில் அவன் விளையாட்டு என்று நினைத்தான் போலிருக்கிறது, "மாமா, மாமா, காலு" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"திருகைத் திறந்தியா?" என்று கேட்டேன்.

"தொறக்கல மாமா. மாதா மேல ஆணையா தொறக்கல. அக்கா அளுவுறதப் பாக்க முடியாம பொய் சொன்னேன்."

யாரும் அப்படித்தான் சொல்வார்கள். தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றத்தில் கிடந்த மூங்கில் கழியை எடுத்து அவன் தோளில் வைத்து உள்ளே அழுத்தினேன். எழும்பினான். மறுபடி அழுத்தினேன். கழி நழுவி வாயில் பட்டுப் பல் உடைந்தது. அது நான் நினைத்துச் செய்ததல்ல. கை விரல்கள் நசுங்கிய பிறகும் அவன் காலாலேயே மிதந்துகொண்டிருந்தான், அவ்வளவு நல்ல நீச்சல்காரன். தண்ணீர் சிவந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்த உடம்பு, எனக்கு இரைத்தது. நான் பம்பை நிறுத்தியபோது இராயப்பன் இதைவிடச் சீக்கிரம் அடங்கிவிட்டான். என்னோடு பம்படித்தவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் ஆட்டம் நின்றிருந்தது.

ஆமாம், அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. பம்பு பழுது என்று துரைமார்களே எழுதிக்கொண்டார்கள். குமாஸ்தா ஐயா மை தொட்டுக்கொள்ளட்டும், நான் நிறுத்துகிறேன்.

இளைப்பாறலாம் என்று மேலே ஏறி வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். நல்ல வெயில், கல் சுட்டது. கடிகாரம் நனைந்திருந்தது. திருகைத் தொட்டுப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. சரியான இடத்தில், அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் நின்றிருந்தது. கழற்றித் துடைத்து, கண்ணாடி வெயிலைப் பார்க்கும்படி கல்லின் மேல் வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குள் இருதயம் முழங்கையைப் படிக்கல்லில் மாட்டிக்கொண்டு தொங்கினான். கத்தவில்லை. "மாமா" என்று மட்டும் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். கடிகாரத்தின் உலோகம் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. கண்ணாடியில் ஆவி படியவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட இல்லை. உள்ளே ஒரு துளித் தண்ணீரும் போகவில்லை.

அவன் சொன்னது உண்மை. அக்காளுக்கு ஆறுதலாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எனக்காகத் திருகை மூடியபடியே முழுகியிருக்கிறான். இரண்டு பேர் மனசையும் நோகடிக்கவில்லை. நல்ல பிள்ளை. அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல் மிகுந்த பிரியம் வந்தது, ஐயா. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அப்போது அவன் உயிரோடுதான் இருந்தானா என்று கேட்கிறீர்கள். உயிரோடுதான் இருந்தான். வடக்கயிறு பக்கத்திலேயே கிடந்தது. ஒரு சுற்றுச் சுற்றி இழுத்திருந்தால் வந்திருப்பான். பேசவும் செய்திருப்பான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மேலே வந்தால் அக்காள் விரலைப் பார்த்துக் கேட்பாள். ஏன், எதற்கு என்று ஆரம்பித்தால் குளத்தில் திறக்கவில்லை என்பதில்தான் போய் முடியும். அவள் வயிற்றில் நான்கு மாதம். தண்ணீர் உள்ளே போய்விட்டது என்ற அந்த ஒரு நம்பிக்கையில்தான் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. அதைப் பிடுங்கிக்கொண்டால் மூன்றாவதும் போய்விடும். தகப்பன் என்று ஒருவன் இருப்பது எதற்கு?

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கிணற்று விளிம்பில் பெயர்ந்து கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். தூக்கிவிட வருகிறேன் என்று நினைத்து அவன் முழங்கையை என் பக்கம் நீட்டினான். "வலிக்குது மாமா, மெல்ல" என்றான். முதல் அடியில் மண்டை திறந்துவிட்டது. இரண்டாவது அவசியம்தானா என்று இப்போதும் யோசிக்கிறேன். முழங்கை தானாகக் கழன்றுகொண்டது. படியில் தெறித்திருந்ததைத் தண்ணீர் மொண்டு கழுவிவிட்டுக் குடத்தோடு வீட்டுக்குப் போனேன்.

கால் வழுக்கித் தலை மோதியிருக்கிறான் என்றுதான் ஊர் பேசியது. நானும் மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டும்போது அமலோற்பவம் அவன் கையை எடுத்து மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். மறுநாள் போலீசார் வந்து பூட்ஸைக் கேட்டார்கள், கொடுத்தேன். யாரோ பொறாமைக்காரர்கள் பிராது கொடுத்திருப்பார்கள். அவளேதான் நடந்துபோய்க் கொடுத்தாள் என்று கடுதாசியைக் காட்டுகிறீர்கள். இருக்கலாம். தம்பி செத்த துக்கத்தில் யார் என்ன சொன்னாலும் செய்துவிடுவாள், வெகுளி.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். என்னைப் பார்க்க ஒரு தடவையும் வரவில்லை. கட்டை வண்டியில் அரியலூர் வரைக்கும் குலுங்கி வருவது இந்த நிலையில் நல்லதல்ல என்று அவளே யோசித்திருப்பாள். பிள்ளை அசைகிறது என்று வக்கீல் சொன்னார். மற்ற இரண்டும் இந்த மாதத்தில் இப்படி அசைந்ததில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு நடக்கும்போது இதையெல்லாம் சத்தமாக வாசிப்பார்கள், அவள் வந்து உட்கார்ந்து கேட்பாள். விரலை நசுக்கியதை வாசிக்கட்டும். கல்லைப் போட்டதை வாசிக்கட்டும். கட்டின புருஷன் செய்ததை அவள் பொறுத்துக்கொள்வாள். மாதா குளத்துத் தண்ணீர் உள்ளே போகவில்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. அதைக் கேட்டால் அவள் மனசு தாங்காது.